கனிவும் ஒரு மருந்துதான்!

சோளிங்கர் பெரிய மலைக்கு 1,305 படிகள். 2024-ல் ரோப் கார் வந்துவிட்டது. ஆனாலும் வேண்டுதலை நினைத்துப் படியேறிப் போகிறவர்கள் இன்றும் உண்டு. கார்த்திகை ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் படிகளில் நின்று பாருங்கள். ஒரு பாட்டியம்மா மூச்சு வாங்க உட்காருவார். முன்பின் தெரியாத ஒரு பையன், "இன்னும் கொஞ்சம்தான் பாட்டி, மெதுவா வாங்க" என்று கை கொடுப்பான். குரங்கு பையைப் பிடுங்க வந்தால், கையில் கோல் வைத்திருப்பவர் விரட்டி விடுவார். யாரும் யாரிடமும் ஊர், பேர் கேட்பதில்லை.

இதே மனிதர்கள்தான் திங்கட்கிழமை காலை வேலைக்குப் போகிறார்கள். ஒருவர் சூப்பர்வைசர், ஒருவர் மேனேஜர், ஒருவர் தையல் மெஷினில் உட்காருகிறவர். அங்கே போனதும் கை கொடுத்த அந்தக் குணம் எங்கே போய்விடுகிறது? "வேலைன்னு வந்துட்டா கண்டிப்பாத்தான் இருக்கணும் சார்" என்பார்கள். கண்டிப்பு வேண்டாம் என்று யார் சொன்னது? கண்டிப்பு வேறு, கடுமை வேறு. கடுமை மனிதரை நோயாளியாக்கும். காட்டுகிறவரையும் சேர்த்து!

கோபம் உடம்புக்குள் என்ன செய்கிறது?

ஒருவர் நம்மைப் பலர் முன்னிலையில் திட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே அட்ரினலின் சுரக்கிறது. நாடித்துடிப்பு கூடுகிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, வாய் உலர்கிறது. எப்போதோ ஒருமுறை என்றால் உடம்பு தானாகச் சமாளித்துவிடும். தினமும் பயந்துகொண்டே வேலை பார்த்தால் கார்டிசால் என்ற ஹார்மோனின் ஒழுங்கு கெடுகிறது. தூக்கம் கெடும், நெஞ்சு எரியும், கழுத்தும் தோளும் இறுகும், சிலருக்கு மாதவிலக்குகூடத் தள்ளிப்போகும்.

திட்டுகிறவருக்கும் இதே அட்ரினலின்தான், இதே ரத்த அழுத்தம்தான். ஏற்கனவே பி.பி., சர்க்கரை உள்ள ஒருவர் நாளைக்குப் பத்து முறை கத்தினால், பத்து முறை தன் இதயத்தைத்தான் அடிக்கிறார்.

இதையே சித்த மருத்துவத்தில், கோபத்தால் பித்தம் மிகும், கவலையாலும் பயத்தாலும் வாதம் கெடும் என்கிறோம். சொல்லும் மொழி வேறு, படும் பாடு ஒன்றுதான். இதற்கு நேர்மாறாக, தாய் குழந்தைக்குப் பால் கொடுக்கும்போது சுரக்கும் ஆக்ஸிடோசின், அன்பான தொடுதலின்போதும் சுரக்கிறது என்று நவீன மருத்துவம் சொல்கிறது. தலைவலியோடு படுத்திருப்பவரின் நெற்றியில் வீட்டார் கை வைத்தால் பாதி வலி போனதுபோல் இருப்பது வெறும் மனப்பிரமை அல்ல.

அடக்கக் கூடாத பதினான்கு

சித்த மருத்துவம் பதினான்கு வேகங்களைச் சொல்கிறது. அபானவாயு, தும்மல், சிறுநீர், மலம், கொட்டாவி, பசி, தாகம், இருமல், இளைப்பு, தூக்கம், வாந்தி, கண்ணீர், சுக்கிலம், சுவாசம். இவற்றை வலிந்து அடக்கக் கூடாது; அடக்கினால் நோய் என்பது விதி. கண்ணீரும் இந்தப் பட்டியலில் இருப்பதைக் கவனியுங்கள். "அழாதே" என்று அதட்டி அடக்குவதை நம் முன்னோர் வைத்தியமாக நினைக்கவில்லை.

நம் பகுதி தோலுக்கும் ஷூவுக்கும் பேர் போனது. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி என்று வரிசையாகக் கம்பெனிகள். விடியற்காலையில் டிபன் பாக்ஸோடு கம்பெனி வண்டிக்காகக் காத்திருக்கும் பெண்களை ஊருக்கு ஊர் பார்க்கலாம். அவர்களில் பலர் நீர்க்கடுப்பு என்று சொல்லிக்கொண்டு வைத்தியத்துக்கு வருகிறார்கள்.

"தண்ணி எவ்வளவு குடிக்கிறீங்கம்மா?"

"காலையில ஒரு டம்ளர் சார். குடிச்சா பாத்ரூம் போகணும். எழுந்து போனா லைன் நிக்குதுன்னு சத்தம் போடுறாங்க."

இந்த அம்மாவுக்கு நான் என்ன மருந்து கொடுப்பது? நெருஞ்சில் குடிநீர் கொடுக்கலாம். வெள்ளரி விதை, பார்லித் தண்ணீர் சொல்லலாம். எரிச்சல் தணியும். ஆனால் மறுபடியும் அதே மெஷின், அதே சத்தம். தாகத்தை அடக்கி, சிறுநீரை அடக்கி, கண்ணீரையும் அடக்கினால் பதினான்கில் மூன்று ஒரே ஷிப்டில் போய்விடுகிறது. இந்த நோய்க்கு மருந்து சூப்பர்வைசர் கையில் இருக்கிறது. "போயிட்டு வாம்மா" என்ற ஒரு சொல், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம். அவ்வளவுதான்!

(நீர்க்கடுப்போடு குளிர்சுரம், முதுகின் பக்கவாட்டில் வலி, சிறுநீரில் ரத்தம் இருந்தால் கைவைத்தியம் பார்த்துக் காத்திருக்க வேண்டாம். கர்ப்பிணிகளும் அப்படியே. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.)

வள்ளுவர் கண்ணோட்டம் என்ற அதிகாரத்தை எங்கே வைத்திருக்கிறார் தெரியுமா? பொருட்பாலில், அரசியல் பகுதியில், 58-வது அதிகாரமாக! வேலை வாங்கும் இடத்தில், அதிகாரம் உள்ளவனுக்குத்தான் இரக்கம் முதலில் வேண்டும் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம்.

சட்டமும் சில நேரம் கனிவைக் கொண்டுவருகிறது. ஜவுளிக்கடை, நகைக்கடைகளில் காலையிலிருந்து இரவு வரை நின்றே இருக்கும் ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு சட்டத் திருத்தம் செய்தது. கேரளா அதற்கு முன்பே, 2018-ல் செய்தது. நின்று நின்று கால் நரம்பு சுருட்டிக்கொண்டவர்களுக்குத்தான் ஒரு ஸ்டூலின் அருமை தெரியும். அடுத்த முறை புடவை எடுக்கப் போகும்போது, "நீங்க உட்காருங்கம்மா, நாங்க பார்த்துக்கிட்டிருக்கோம்" என்று நாமும் சொல்லலாமே!

வேலூர் கற்றுத் தந்த பாடம்

கனிவால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் வேலூரைப் பார்க்கலாம். ஐடா ஸ்கடர் அம்மையார் 1870-ல் நம் ராணிப்பேட்டையில் பிறந்தவர். இளம் வயதில் திண்டிவனத்தில் தந்தையின் வீட்டில் இருந்தபோது, ஒரே இரவில் மூன்று வீடுகளிலிருந்து பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்தார்கள். ஆண் டாக்டர் பார்க்கக் கூடாது என்பது அன்றைய வழக்கம். ஐடாவோ அப்போது டாக்டர் இல்லை. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். அந்தத் துக்கத்தை அவர் அழுது மறந்துவிடவில்லை. அமெரிக்கா போய் மருத்துவம் படித்து, 1900-ல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியத்தைத் தொடங்கினார். 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. இன்று நாடெங்கும் தெரிந்த சி.எம்.சி. அதன் வளர்ச்சிதான். இரக்கம் வந்தால் மட்டும் போதாது, அதற்கு ஓர் ஏற்பாடும் வேண்டும் என்பது முதல் பாடம்.

இரண்டாவது பாடம் டாக்டர் பால் பிராண்ட் தந்தது. 1946-ல் வேலூருக்கு வந்தவர். தொழுநோயாளிகளைத் தொடவே ஊர் அஞ்சிய காலத்தில், அவர்களுடைய மடங்கிய விரல்களைத் தொட்டுப் பார்த்து, தசைநாண்களை மாற்றிப் பொருத்தி, கைகளை மறுபடியும் வேலை செய்ய வைத்தார். அவர் கண்டு சொன்ன முக்கியமான விஷயம் இதுதான்: தொழுநோயில் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை. நரம்பு மரத்துப்போய் வலி தெரியாமல் போகிறது. வலி தெரியாததால் சுட்டுக்கொள்கிறார்கள், முள் குத்தினாலும் நடந்துகொண்டே இருக்கிறார்கள். அதனால்தான் புண், அதனால்தான் இழப்பு. அதற்காகவே மெத்தென்ற ரப்பர் செருப்புகளையும் வேலூரில் உருவாக்கிக் கொடுத்தார்கள்.

வலி தெரியாத உறுப்பு அழியும். ஒரு வீட்டுக்கும் கம்பெனிக்கும் இது பொருந்தாதா? கீழே இருப்பவரின் வலி மேலே இருப்பவருக்குத் தெரியாமல் போனால் என்ன நடக்கும் என்பதை நம் மாவட்டம் பார்த்திருக்கிறது. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில், தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் கசடில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். தொழிலாளியைப் பார்த்துச் சிரிப்பது மட்டும் கனிவு ஆகாது. அவன் படுக்கும் இடம் பத்திரமா, தொட்டியில் இறங்கும் முன் விஷவாயு பார்த்தாச்சா என்று கேட்பதுதான் முதல் கனிவு.

மனம் கலங்கியவர்களிடம்

மனநோய் உள்ளவர்களை அழைத்துக்கொண்டு சோளிங்கருக்கு வரும் குடும்பங்கள் பல. குளத்தில் நீராடி, மலையேறி, சில நாட்கள் இங்கேயே தங்குவார்கள். நம்பிக்கையை நான் குறை சொல்ல மாட்டேன். கூட்டி வந்து, சோறு ஊட்டி, பக்கத்திலேயே படுத்திருக்கும் அந்தத் தாயின் பொறுமை பெரிய மருந்து. ஆனால் மருந்தையும் நிறுத்தக் கூடாது. சாமியும் வேண்டும், டாக்டரும் வேண்டும்.

கட்டிப்போடுவது மட்டும் கூடவே கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால், அரசின் 'டெலி மானஸ்' எண் 14416-க்கு போன் செய்யுங்கள். கட்டணம் கிடையாது.

உங்களுக்கும் கொஞ்சம் வையுங்கள்

இதைப் படிக்கும் இல்லத்தரசிகள் சிலர், "நாங்க எல்லாருக்கும் பார்த்துப் பார்த்துத்தான் செய்யறோம், எங்களை யார் பார்க்கறா?" என்று கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. படுக்கையில் இருக்கும் மாமியாருக்கு இரவில் மூன்று முறை எழுந்திருக்கும் மருமகளுக்குத் தூக்கமும் போய், பசியும் போய், கடைசியில் எரிச்சல்தான் மிஞ்சும். அது கெட்ட குணம் அல்ல, களைப்பு! வேலையைப் பங்கு போட்டுக் கொடுங்கள். மகனும் பெட்பான் வைக்கலாம், தப்பில்லை.

கனிவு என்பது ஏமாளித்தனமும் அல்ல. யார் எதைக் கேட்டாலும் தலையாட்டுவது, குடித்துவிட்டு அடிப்பவரைப் பொறுத்துப் போவது இவையெல்லாம் கனிவில் சேராது. 'முடியாது' என்பதையும் கனிவாகச் சொல்லலாம். ஆனால் சொல்லியாக வேண்டும்.

இந்த வாரம் முதல்...

* காலையில் சந்திக்கும் முதல் மூன்று பேரைப் பெயர் சொல்லி அழையுங்கள். "ஏய்", "இந்தாம்மா" வேண்டாம். வாட்ச்மேனுக்கும் பெயர் உண்டு.

* தவறைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். பாராட்டை எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள்.

* கோபம் வந்தால் பதில் சொல்லும் முன் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். பிறகு மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். பத்து முறை போதும்.

* கேஸ் சிலிண்டர் தூக்கி வருபவருக்கு, கொரியர் பையனுக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுங்கள். வெயில் காலத்தில் மோர் கொடுத்தால் இன்னும் நல்லது.

* வீட்டு வேலை செய்யும் அம்மா சாப்பிட்டாரா என்று கேளுங்கள். கழிப்பறையைப் பயன்படுத்த விடுங்கள். சிறுநீர் விதி அவருக்கும் ஒன்றுதான்.

* இரவில் அரை மணி நேரம் டி.வி., செல்போன் இல்லாமல் வீட்டாரோடு உட்காருங்கள். "இன்னிக்கு வேலை எப்படி இருந்தது?" என்று கேட்டுவிட்டு, பதிலை முழுசாகக் கேளுங்கள்.

பி.பி. மாத்திரை, சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்கள் அவற்றை விடாமல் சாப்பிடுங்கள். கனிவு அவற்றுக்கு மாற்று அல்ல. கூடவே சேர்த்துக்கொள்ள வேண்டிய துணை மருந்து. பத்தியம் கிடையாது, விலையும் கிடையாது. கொடுப்பவர், வாங்குபவர் இருவருக்கும் ஒரே வேளையில் வேலை செய்யும். வேளைக்கு ஒன்று என்று இன்றைக்கே ஆரம்பித்துவிடுங்களேன்!