தள்ளிப்போகும் தாயகப் பயணம்

அயல்நாட்டில் உழைப்பவர் ஊரோடு திரும்பிவிடப் போகிறார் என்ற செய்தி வந்ததுமே வீட்டின் முகம் மாறிவிடுகிறது. சுவர்களுக்குச் சுண்ணாம்பு பூசப்படுகிறது. பிள்ளைகள் நாட்காட்டியில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டே வருகின்றனர். இந்நிலையில், "இந்த மாதம் வர இயலாது" என்ற ஒரு சொல் வந்து சேர்கிறது. காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூராயினும் சரி, கடலோரத் தூத்துக்குடியாயினும் சரி, அச்சொல் விழுந்த வீட்டில் அன்றிரவு எவருக்கும் சோறு இறங்குவதில்லை. இந்த ஏமாற்றத்தை நாம் எவ்வாறு தாங்கிக்கொள்வது?

2020-ஆம் ஆண்டு மார்ச் 22 முதல் பன்னாட்டுப் பயணிகள் விமானங்கள் நம் நாட்டில் இறங்குவது நிறுத்தப்பட்டபோது, இத்துயரம் எண்ணற்ற குடும்பங்களின் பொதுத் துயராயிற்று. மே 7 அன்று 'வந்தே பாரத்' திட்டத்தின்கீழ் சிறப்பு விமானங்கள் வரத் தொடங்கின. ஆயினும் கர்ப்பிணிகள், முதியோர், நோயாளிகள், வேலையிழந்தோர் ஆகியோருக்கு முதலிடம் தரப்பட்டமையால் ஏனையோர் காத்திருக்க நேர்ந்தது. ஜூன் மாதத்தில் 'ஜலாஷ்வா' என்னும் கடற்படைக் கப்பல் கொழும்பிலிருந்தும் மாலேயிலிருந்தும் நம்மவர்களைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து சேர்த்தது. வழக்கமான பன்னாட்டு விமானப் போக்குவரத்து மீண்டதோ 2022 மார்ச் 27 அன்றுதான். அந்நாட்களில் பின்னுக்கு நின்றவர்கள் கைவிடப்பட்டவர்கள் அல்லர். தம்மினும் இடுக்கண் மிகுந்தோர்க்கு வழிவிட்டவர்கள்.

கொள்ளைநோய் இல்லாத காலத்திலும் தடைகள் வருவதுண்டு. சம்பள பாக்கி தீராமலிருக்கலாம். நாட்டைவிட்டு வெளியேறும் அனுமதி கிடைக்காமலிருக்கலாம். கடவுச்சீட்டின் தவணை முடிந்திருக்கலாம். ஆகவே முதற்கண் காரணத்தைத் தெளிவாக அறிந்துகொள்வோம். காரணம் தெரிந்த தாமதம் பாதித் துயரமே தரும். தெரியாத தாமதமோ வீண் ஐயங்களை வளர்க்கும். வேலை கொடுத்தவரோடு வழக்கு இருப்பின், அந்நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தை அணுகலாம். இடருற்றோர்க்கு உதவவென்றே இந்தியச் சமூக நலநிதி 2009-ஆம் ஆண்டு ஏற்படுத்தப்பட்டது.

காஞ்சி நெசவாளரைப் பாருங்கள். விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சியிடும் வேளையில் மழை வந்தால், அவர் பாவை அறுத்தெறிவதில்லை. அதைப் பத்திரமாகச் சுருட்டி வைத்துவிட்டு, வீட்டுக்குள் அமர்ந்து தார் சுற்றுகிறார். வானம் வெளுக்கும்போது ஊடைக்கு வேண்டிய நூல் ஆயத்தமாயிருக்கும். காத்திருக்கும் குடும்பமும் அவ்வாறே செய்யலாகாதா? பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை, கடன் அடைத்தல், திரும்பி வருபவர் செய்யப்போகும் தொழிலுக்கான விசாரணை ஆகியவற்றை அவர் வரும்வரை ஒத்திப்போட வேண்டுவதில்லை.

சிறு பிள்ளைகளிடம் உறுதியற்ற தேதியைச் சொல்லாதிருப்பது நலம். "அப்பா நிச்சயம் வருவார், நாள் தெரிந்ததும் சொல்கிறோம்" என்பதே உண்மையான பேச்சு. அழுகின்ற பிள்ளையை அதட்ட வேண்டாம், அருகில் அமர்த்திக்கொள்வோம். எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கிருப்பவரிடம் "ஏன் இன்னும் வரவில்லை?" என்று நாள்தோறும் கேட்டு நோகச் செய்யாதிருப்போம். நமக்கு உள்ளது காத்திருக்கும் பாரம் ஒன்றே. அவருக்கோ தனிமை என்னும் பாரமும் உடனுண்டு. அன்று வீட்டில் நடந்ததைச் சொல்லி, அவர் உண்டாரா, உறங்கினாரா என்று விசாரிப்பது இருபுறமும் தெம்பளிக்கும்.

திருக்குடும்பமும் அயல்நாட்டில் காத்திருந்த குடும்பமே. ஏரோது மடியும்வரை எகிப்தில் தங்கியிருந்த சூசையப்பர், திரும்பும் வழியில் யூதேயாவில் அர்க்கெலாவு ஆள்வதைக் கேள்வியுற்று, கலிலேயாவுக்குத் திரும்பி நாசரேத்தில் குடியேறினார். குறித்த நாளிலும் இல்லை, எண்ணிய ஊரிலும் இல்லை. ஆயினும் அங்கே ஒரு நல்ல இல்லம் அமைந்தது. நம் வீட்டுக்கும் அந்நாள் வரும். அதுவரை, வருபவருக்கேற்ற அன்பான வீடாக அதைக் காத்துவைப்பதே நம் கடமையாகும்.