உப்பும் மின்னேற்றமும்

மன்னார்க் கரையின் உப்பளப் பாத்திகளில் வெயிலும் சோளகக் காற்றும் கடல்நீரை வற்றச் செய்ய, உப்பு விளைகின்றது. பல கிழமை உழைப்பின் பயனை, காலந்தவறிய ஒரு மழை கரைத்துவிடும். இதன் காரணம் யாது?

சோடியம் அணு ஓர் இலத்திரனை இழந்து நேர் மின்னேற்றமுடைய அயனாகின்றது. குளோரீன் அணு அதனைப் பெற்று மறை மின்னேற்றமுடைய அயனாகின்றது. ஒத்த ஏற்றங்கள் ஒன்றையொன்று தள்ளும், ஒவ்வாதவை ஈர்க்கும். தூரம் இருமடங்காயின் அவ்விசை காற்பங்காகுமெனப் பிரான்சிய அறிஞர் கூலோம் 1785இல் முறுக்குத் தராசு கொண்டு காட்டினார். இவ்வீர்ப்பே உப்பைப் பளிங்காகப் பிணைக்கின்றது.

ஆயினும் நீரினுள் அவ்விசை ஏறத்தாழ 80இல் ஒரு பங்காகக் குறைகின்றது. நீர் மூலக்கூற்றின் ஒட்சிசன் முனை சிறிது மறையேற்றமும், ஐதரசன் முனைகள் சிறிது நேரேற்றமும் உடையன. ஆதலால் நீர் மூலக்கூறுகள் அயன்களைச் சூழ்ந்து பிரித்து வைக்கின்றன. ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புக்கள் இவ்வாறே கரைந்துள்ளன. அந்நீர் வற்றிப் பத்தில் ஒரு பங்களவாகச் சுருங்குங்கால், அயன்களைப் பிரித்துவைக்க நீர் போதாமையால் ஈர்ப்பு மேலோங்கும், பளிங்கு தோன்றும். மழைநீர் சேரின் பிணைப்பு மீண்டும் தளரும்.

ஆகவே, முகில் கண்டு உப்பை விரைந்து வாரும் தொழிலாளி, கூலோமின் பெயரை அறியாராயினும், அவ்விதிக்கு இயைந்தே நடக்கின்றார்.