வல்லாரை எந்த மண்ணில் நிற்கிறது?

திருவள்ளூர் மாவட்டத்தில் ஏரிகளுக்குக் குறைவில்லை. ஏரிக்கரைச் சரிவு, வாய்க்கால் ஓரம், பம்புசெட் தண்ணீர் கசியும் வரப்பு என்று ஈரமும் கொஞ்சம் நிழலும் கிடைத்த இடத்தில் வல்லாரை படர்ந்துவிடும். இலங்கை, மலேசியா, மடகாஸ்கர் என வெப்பமண்டலத் தாழ்நிலங்கள் எங்கும் காட்டோரத்திலும் வயலோரத்திலும் காணப்படும் செடி இது.

ஒரு கொடியை மெல்லத் தூக்கிப் பாருங்கள். தண்டு லேசாகச் சிவந்திருக்கும். ஒவ்வொரு கணுவிலும் கீழே ஒரு கொத்து வேர், மேலே நீண்ட காம்பில் ஓரம் வெட்டுப்பட்ட வட்ட இலை. இலைகளை விலக்கினால் தரையை ஒட்டி, அரிசிக் குருணை அளவில் இளஞ்சிவப்புப் பூக்கள். கொத்தமல்லியின் குடும்பம்தான். கொடி அறுந்தாலும் வேர்விட்ட ஒவ்வொரு கணுவும் தனிச்செடியாகப் பிழைத்துக்கொள்ளும்.

இலையில் உள்ள ஆசியாட்டிகோசைடு என்ற பொருள், புண் ஆறும் இடத்தில் கொலாஜன் என்ற புரதம் உருவாவதைத் தூண்டுகிறது. இதற்கு ஆய்வக ஆதாரம் நிறையவே உண்டு. வல்லாரை நினைவாற்றலை வளர்க்கும் என்பதைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் சிறியவை, முடிவுகளும் ஒத்துப்போகவில்லை. ஆனாலும் பரீட்சை நெருங்கினால் பிள்ளைகளுக்கு வல்லாரைத் துவையல் அரைக்காத வீடு குறைவு.

கவலையும் அங்கேதான் தொடங்குகிறது. ஈயம் மண்ணில் விழுந்தால் எளிதில் கீழே இறங்குவதில்லை, மேல்மண்ணைப் பற்றிக்கொண்டு பல பத்தாண்டுகள் கிடக்கும். வல்லாரையின் வேர்களும் அந்த மேல்மண்ணில்தான் இருக்கின்றன. மலேசியாவில் மண்ணின் உலோக மாசை அளக்க இச்செடியையே சோதித்திருக்கிறார்கள். உலோகம் வேரில்தான் அதிகம் தங்கும், இலைக்கும் ஒரு பங்கு ஏறும். கழுவினால் இலைமேல் படிந்த தூசி போகும். திசுவுக்குள் போனது போகாது.

திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் ஆலைகள் உண்டு, கொல்கத்தா நெடுஞ்சாலையும் ஊரை ஒட்டிப் போகிறது. ஈயம் கலந்த பெட்ரோல் 2000இல் நாடு முழுவதும் நின்றுவிட்டது. அதுவரை புகையோடு வந்து சாலையோர மண்ணில் படிந்த ஈயம் தானாக மறையாது. குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பதில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூளைக்கு நல்லதென்று கொடுக்கும் கீரையிலேயே அது வந்துசேர விடலாமா? இலைக் கீரைகளில் கிலோவுக்கு 0.3 மில்லிகிராம் ஈயம்தான் சர்வதேச உணவுத் தர வரம்பு. கண்ணாலோ நாக்காலோ அதைக் கண்டுபிடிக்க வழியில்லை.

ஆகவே ஆலைக் கழிவுநீர் ஓடும் கால்வாய், நெடுஞ்சாலைப் பள்ளம், பழைய பேட்டரி உடைக்கும் இடங்களின் அருகே பறித்த வல்லாரை வேண்டாம். கட்டாக விற்பவரிடம் எங்கே பறித்தது என்று கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். வீட்டிலேயே வளர்ப்பது இன்னும் நல்லது. நல்ல இடத்துக் கொடியிலிருந்து வேரோடு இரண்டு கணு போதும். அகலமான தொட்டியில் செம்மண்ணும் மக்கிய சாணமும் கலந்து நட்டு, பாதி வெயில் படும்படி வைத்து, மண் காயாமல் தண்ணீர் விட்டு வந்தால் சில வாரங்களில் தொட்டி முழுக்கப் படர்ந்துவிடும்.