குறட்டை நின்றால் கவனியுங்கள்!

''குறட்டை விடறாரா? அப்ப அசந்து தூங்கறார்னு அர்த்தம்!'' என்று நம் வீடுகளில் சொல்லிச் சிரிப்பது வழக்கம். சத்தத்தைக்கூட பொறுத்துக் கொள்ளலாம். அந்தச் சத்தம் திடீரென்று நின்று, பத்து இருபது விநாடி நிசப்தமாகி, பிறகு திணறலோடு மறுபடி தொடங்குகிறதா? அந்த நிசப்தம்தான் ஆபத்து!

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளரும். சிலருக்கு மூச்சுப் பாதையே மூடிக் கொள்ளும். ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்ததும் மூளை உசுப்பி விடும், மூச்சு திரும்பும். காலையில் அவருக்கு எதுவுமே ஞாபகம் இருக்காது. இதுதான் 'ஸ்லீப் ஆப்னியா'. கவனிக்காமல் விட்டால் ரத்தக் கொதிப்பு, இதய நோய், பக்கவாதம் என்று வரிசை கட்டும். 2022 பிப்ரவரியில் இசையமைப்பாளர் பப்பி லஹிரி மறைந்தபோது, மருத்துவமனை சொன்ன காரணத்தில் இந்த நோயின் பெயரும் இருந்தது.

ஷிப்ட் மேல் பழி!

மீஞ்சூர், அத்திப்பட்டு, எண்ணூர் பக்கம் அனல் மின் நிலைய ஷிப்ட், துறைமுக கன்டெய்னர் லாரி என்று ராத்திரி கண்விழிப்பவர்கள் ஏராளம். பகலில் தூங்கி வழிந்தால், ''நைட் டூட்டி பார்த்தா அப்படித்தான்'' என்று விட்டு விடுகிறோம். ஆனால் லீவு நாளில் எட்டு மணி நேரம் தூங்கியும் அசதி தீரவில்லை, காலையில் தலைவலி, கூடவே குறட்டை என்றால், ஷிப்டை மட்டும் குறை சொல்ல முடியாது. ஸ்டியரிங் பிடிப்பவர் என்றால் தள்ளிப் போடவே கூடாது. ஒரு கணம் கண் அசந்தால் போதுமே!

ஒரு ராத்திரி பரிசோதனை

இதைக் கண்டுபிடிப்பதுதான் 'ஸ்லீப் ஸ்டடி'. ஊசி, வலி எதுவும் கிடையாது. இரவு போய்ப் படுத்து, காலையில் எழுந்து வர வேண்டியதுதான். தலை, கண்ணோரம், முகவாய், கால்களில் சின்னச் சின்ன ஒயர்களை ஒட்டுவார்கள். மார்பிலும் வயிற்றிலும் பெல்ட், மூக்கருகே மெல்லிய குழாய், விரலில் ஆக்ஸிஜன் பார்க்கும் கிளிப். பக்கத்து அறையில் டெக்னீஷியன் கவனித்துக் கொண்டிருப்பார். 'இத்தனை ஒயரோடு தூக்கம் வருமா?' என்ற கவலை வேண்டாம். சில மணி நேரத் தூக்கமே பெரும்பாலும் போதும். பாத்ரூம் போகவும் கழற்றி விடுவார்கள்.

அன்று தலைக்கு எண்ணெய் வேண்டாம். மதியத்துக்கு மேல் காபி, டீ கூடாது. மது கூடவே கூடாது. நெயில் பாலிஷை அழித்து விடுங்கள். வழக்கமான மாத்திரைகளை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். நைட் ஷிப்ட்காரர்கள் அதை முன்கூட்டியே சொன்னால், அவர்கள் தூங்கும் நேரத்துக்கு ஏற்ப பரிசோதனையைத் திட்டமிடலாம். சிலருக்கு வீட்டிலேயே செய்யும் எளிய பரிசோதனை போதும். அதில் ஒன்றும் தெரியாமல், தொந்தரவு மட்டும் நீடித்தால் முழுப் பரிசோதனை தேவைப்படும்.

ரிப்போர்ட்டில் என்ன பார்ப்பது?

மணிக்கு எத்தனை முறை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்ற எண்ணைப் பாருங்கள். பத்து விநாடியாவது நீடித்தால்தான் கணக்கு. பெரியவர்களுக்கு 5-க்குக் கீழே இருந்தால் நார்மல். 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். ஆறு மணி நேரத் தூக்கத்தில் 180 தடவை என்றால், மணிக்கு 30!

பயம் வேண்டாம், வழி இருக்கிறது. எடை குறைத்தல், ஒருக்களித்துப் படுத்தல் பலருக்கு உதவும். தீவிரமானவர்களுக்கு 'சிபாப்' கருவி. 1981-ல் ஆஸ்திரேலிய டாக்டர் காலின் சல்லிவன் அறிமுகப்படுத்தியது. இது ஆக்ஸிஜன் சிலிண்டர் அல்ல. மாஸ்க் வழியே காற்றை அழுத்தித் தொண்டை மூடாமல் காக்கும்.

இல்லத்தரசிகளே, தூங்குபவருக்குத் தெரியாததற்கு நீங்கள்தான் சாட்சி. அந்தத் திணறலை செல்போனில் பதிவு செய்து நுரையீரல் டாக்டரிடமோ ஈ.என்.டி. டாக்டரிடமோ காட்டுங்கள். குறட்டை உங்களுடையது என்றால், கூச்சப்பட்டு மறைக்காதீர்கள். பெண்களுக்கும், குறிப்பாக மாதவிலக்கு நின்ற பிறகு, இந்த நோய் வரும்!