தூரம் போகும் பஸ்சில் எத்தனை வகை!

லால்குடியில் இருந்து திருச்சிக்குப் போகும்போது, கொள்ளிடம் ஆற்றைத் தாண்டுவதற்கு முன்னால் நெ.1 டோல்கேட் வரும். லால்குடி சாலையும் சென்னை நெடுஞ்சாலையும் சந்திக்கும் பகுதி அது. மாலை நேரத்தில் அங்கே கொஞ்ச நேரம் நின்றால் போதும், ஒரு பஸ் கண்காட்சியையே பார்த்துவிடலாம். டவுன் பஸ், புறநகர் பஸ், விரைவு பஸ், ஏ.சி. பஸ், படுக்கை பஸ் என்று வரிசையாக வரும்.

எல்லாமே பஸ்தானே, பிறகு ஏன் இத்தனை வகை? வாங்க குட்டீஸ், பார்ப்போம்!

எலும்புக்கூடு சவாரி

கூரை இல்லை, சுவர் இல்லை, சீட் இல்லை. வெறும் இன்ஜினும் சக்கரங்களும் இரும்புச் சட்டமும் மட்டும் நெடுஞ்சாலையில் ஓடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வெயிலிலும் காற்றிலும் ஒருவர் அதை ஓட்டிச் செல்வார். அதுதான் 'சேஸிஸ்'. பஸ்சின் எலும்புக்கூடு!

சென்னை எண்ணூர், ஓசூர் போன்ற ஊர்களில் உள்ள தொழிற்சாலைகளில் சேஸிஸ் தயாராகிறது. அதற்கு 'உடம்பு' கொடுக்கும் வேலையில் பேர் போன ஊர், திருச்சியில் இருந்து சுமார் 80 கி.மீ. தொலைவில் உள்ள கரூர். பேருந்து கூண்டு கட்டும் பட்டறைகள் அங்கே நிறைய உள்ளன. ஒரே மாதிரி சேஸிஸ் மீது டவுன் பஸ்சும் கட்டலாம். சொகுசு பஸ்சும் கட்டலாம்.

மூன்றும் இரண்டும், இரண்டும் இரண்டும்

டவுன் பஸ்சில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஆட்கள் ஏறி இறங்குவார்கள். அதனால் அதில் இரண்டு வாசல், நிற்பதற்கு இடம், பிடித்துக்கொள்ளக் கம்பி. புறநகர் பஸ்களில் பெரும்பாலும் ஒரு பக்கம் மூன்று பேர், மறுபக்கம் இரண்டு பேர் அமரும் சீட்கள் இருக்கும். நிறையப் பேர் போகலாம், டிக்கெட்டும் குறைவு.

சென்னைக்குப் போக ஐந்தாறு மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரம் நெருக்கி உட்கார்ந்தால் முதுகு என்ன ஆவது? அதனால்தான் விரைவு பஸ்களில் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு சீட்கள். பின்னால் சாய்த்துக்கொள்ளவும் முடியும். ஆட்கள் குறைவதால் ஒருவருக்கான கட்டணம் கூடுகிறது. படுக்கை பஸ்சில் ஆட்கள் இன்னும் குறைவு, கட்டணம் இன்னும் அதிகம்.

தமிழ்நாட்டில் தொலைதூர பஸ்களுக்கென்று 1980-ல் திருவள்ளுவர் போக்குவரத்துக் கழகம் உருவானது. 1997-ல் அது அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகம் என்று பெயர் மாறியது. 2018-ல் இதன் பஸ்களில் படுக்கை வசதி வந்தது. கீழே சீட், மேலே படுக்கை என்று இரண்டும் கலந்த பஸ்களும் ஓடுகின்றன.

இன்ஜின் எங்கே?

சாதாரண பஸ்சில் டிரைவருக்குப் பக்கத்திலேயே இன்ஜின் இருக்கும். முன் சீட்டில் உட்கார்ந்தால் சூடும் சத்தமும் தெரியும். 2001-ல் வால்வோ நிறுவனம் இந்தியாவில் பஸ் விற்கத் தொடங்கியது. அதில் இன்ஜின் பஸ்சின் வாலில் இருந்தது! சத்தம் பின்னால் போய்விட்டது. முன்னால் இருந்து பின் சக்கரம் வரை ஓடும் நீண்ட இரும்புத் தண்டும் தேவைப்படவில்லை. அதனால் தரைக்கு அடியில் பெட்டிகளை வைக்கப் பெரிய அறையே கிடைத்தது.

குலுங்காமல் போவதற்கும் ஒரு வழி செய்தார்கள். வில் போல வளைந்த எஃகுப் பட்டைகளின் அடுக்கு சாதாரண பஸ்சைத் தாங்கும். சொகுசு பஸ்சைத் தாங்குபவை காற்று நிரம்பிய ரப்பர் பைகள். பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது அந்த அதிர்ச்சியைக் காற்று வாங்கிக்கொள்கிறது.

சக்கரத்தை எண்ணிப் பாருங்கள். சாதாரண பஸ்சுக்கு முன்னால் 2, பின்னால் 4, ஆக 6. 'மல்டி ஆக்சில்' எனப்படும் நீளமான பஸ்களுக்குப் பின்னால் இன்னொரு அச்சு உண்டு. பெரும்பாலும் 8 சக்கரங்கள் இருக்கும். இந்தியாவில் இரண்டு அச்சு பஸ் 13.5 மீட்டர் நீளம் வரைதான் இருக்கலாம். கூடுதல் அச்சு இருந்தால் 15 மீட்டர் வரை போகலாம்.

எந்த சீட் நல்ல சீட்?

சீசா விளையாடியிருப்பீர்கள். நுனியில் இருப்பவர்தான் அதிகம் ஏறி இறங்குவார். பஸ்சிலும் அப்படித்தான். பின் சக்கரத்துக்கும் பின்னால் இருக்கும் கடைசி சீட் தூக்கித் தூக்கிப் போடும். நடுவில் உள்ள சீட்களில் குலுக்கல் குறைவு.

வாந்தி வரும் என்று பயமா? காதுக்குள் இருக்கும் ஓர் உறுப்பு, நாம் அசைகிறோம் என்று மூளைக்குச் சொல்கிறது. புத்தகத்தையோ செல்போனையோ பார்க்கும் கண், 'அசையவில்லை' என்கிறது. இந்தக் குழப்பத்தால்தான் குமட்டுகிறது. ஜன்னல் வழியே தூரத்தில் உள்ள மலையையோ மரத்தையோ பாருங்கள். கண்ணும் காதும் ஒரே செய்தியைச் சொல்லும்.

இதை மறக்காதீர்கள்!

2013 அக்டோபர் 30 அன்று, பெங்களூரில் இருந்து ஹைதராபாத் சென்ற ஏ.சி. பஸ் ஒன்று மகபூப்நகர் மாவட்டத்தில் தீப்பிடித்தது. 45 பேர் உயிரிழந்தனர். ஏ.சி. பஸ்சின் ஜன்னல்களைத் திறக்க முடியாது. படுக்கை பஸ்சில் நடைபாதையும் குறுகல். 2012-ல் சீனா, புதிதாகப் படுக்கை பஸ்களைப் பதிவு செய்வதையே நிறுத்திவிட்டது.

நாம் பயப்பட வேண்டாம். கவனமாக இருந்தால் போதும். பஸ்சில் ஏறியதும் அவசர வழி எங்கே என்று பாருங்கள். கூரையிலும் ஒன்று இருக்கலாம். கண்ணாடியை உடைக்கும் சுத்தியல் எங்கே மாட்டியிருக்கிறது என்று கேளுங்கள். ஆபத்து நேரத்தில் கண்ணாடியின் நடுவில் அடிக்கக் கூடாது. ஓரத்தில் மூலையை ஒட்டி அடித்தால்தான் சீக்கிரம் நொறுங்கும். பையை எடுக்கத் திரும்பாமல் வெளியேற வேண்டும். உதவிக்கு அழைக்க வேண்டிய எண்கள் 108, 112. நடைபாதையில் மூட்டை வைப்பதும் தப்பு. அது அடுத்தவரின் வழியை அடைத்துவிடும்.

தெரியுமா உங்களுக்கு?

* 'பஸ்' என்பது 'ஆம்னிபஸ்' என்ற லத்தீன் சொல்லின் வால். அதற்கு 'எல்லாருக்கும்' என்று பொருள். நம் ஊரில் தனியார் சொகுசு பஸ்சை மட்டும் ஆம்னி பஸ் என்கிறோம்!

* 'கோச்' என்ற பெயர் வந்தது ஹங்கேரி நாட்டின் 'கோச்' என்ற கிராமத்தில் இருந்து. அங்கே செய்த குதிரை வண்டிகள் ஐரோப்பா முழுவதும் புகழ் பெற்றன.

* 1957 ஏப்ரல் 15-ல் லண்டனில் புறப்பட்ட ஒரு பஸ், ஜூன் 5-ல் கொல்கத்தா வந்து சேர்ந்தது. அதன் பெயர் 'இந்தியாமேன்'.

* திருச்சி பஞ்சப்பூரில் 2025-ல் பெரிய பஸ் முனையம் திறக்கப்பட்டது. அடுத்த முறை அங்கே போனால், சக்கரத்தை எண்ணி, இன்ஜின் சத்தம் முன்னால் கேட்கிறதா பின்னால் கேட்கிறதா என்று கவனியுங்கள். அது எந்த வகை பஸ் என்று அப்பா, அம்மாவுக்கு நீங்களே சொல்லுங்கள்!