பால் காய்ச்சலில் காய்ச்சல் இல்லை!

கல்வராயன் மலைக்குக் கிழக்கே, கள்ளக்குறிச்சி மாவட்டத்துச் சமவெளியில் இருக்கிறது ரிஷிவந்தியம். நெல்லும் கரும்பும் விளையும் இவ்வட்டாரத்தில் பல குடும்பங்களுக்கு அன்றாடச் செலவுக்குக் கைகொடுப்பது கறவை மாடுதான். இங்குள்ள ஒரு கொட்டகையில் ஜெர்சி கலப்பினப் பசு ஒன்று மூன்றாம் ஈற்றுக் கன்றை ஈன்றிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கன்று நலம், மடி நிறையச் சீம்பால். ஆனால் மறுநாள் காலை பசு எழவில்லை. கழுத்தை விலாப்பக்கம் மடித்துப் படுத்திருக்கிறது. மூக்கு உலர்ந்திருக்கிறது, காதைத் தொட்டால் சில்லென்றிருக்கிறது.

இதற்குப் பெயர் 'பால் காய்ச்சல்'. பெயர்தான் காய்ச்சல், உடல் வெப்பமோ வழக்கமான 38.5 டிகிரி செல்சியசுக்கும் கீழே இறங்கிவிடும். கவனிக்காமல் விட்டால் சில மணி நேரத்திலேயே மாடு இறந்துவிடலாம். தக்க நேரத்தில் கால்நடை மருத்துவர் வந்தாலோ, ஊசி போட்ட சிறிது நேரத்தில் எழுந்து நின்று தீனி தின்னும். இந்த மாயம் எப்படி நிகழ்கிறது?

இரண்டு கிராம் கணக்கு

ஒரு சிறு கணக்குப் போடுவோம். 400 கிலோ எடையுள்ள பசுவின் இரத்தத்தில் பிளாஸ்மா என்னும் நீர்ப்பகுதி சுமார் 20 லிட்டர். அதில் 100 மில்லி லிட்டருக்கு ஏறத்தாழ 10 மில்லி கிராம் கால்சியம் இருக்கிறது. ஆக மொத்தம் 2 கிராம்தான்! ஒரு லிட்டர் சீம்பாலிலோ 2 கிராமுக்குச் சற்று மேலேயே கால்சியம் உண்டு. ஐந்து லிட்டர் சீம்பால் சுரந்தால் 10 கிராமுக்கு மேல் வெளியேறுகிறது. கையிருப்பைப்போல் ஐந்து மடங்கு செலவு.

எலும்பில் கிலோக் கணக்கில் கால்சியம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் அந்தக் களஞ்சியத்தைத் திறக்கக் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகளின் ஹார்மோன் வேலை செய்யவேண்டும். எலும்பும் குடலும் அதற்கு முழுமையாகச் செவிசாய்க்க ஓரிரு நாள் ஆகும். வயதான பசுவில் இன்னும் தாமதம். அதற்குள் இரத்தக் கால்சியம் பாதிக்கும் கீழே போய்விட்டால், நரம்பு இடும் கட்டளை தசையை எட்டாது. கால் தளரும், குடல் அசையாது, இதயத் துடிப்பும் நலியும். மிகுதியாகப் பால் சுரக்கும் மாடுகளையே, அவற்றிலும் ஜெர்சி இனத்தையே, இந்நோய் அதிகம் தாக்குவதன் காரணம் இப்போது விளங்கும்.

காற்றடித்துக் காத்தார்கள்

ஒரு காலத்தில் இந்நோய் கண்ட மாடுகளில் பாதிக்கு மேல் மடிந்தன. மடியில் ஏதோ நஞ்சு உண்டாகிறது என்று கருதிய டென்மார்க்கு கால்நடை மருத்துவர் ஷ்மிட், 1897இல் பொட்டாசியம் அயோடைடு கரைசலை மடிக்குள் செலுத்தினார். பல மாடுகள் பிழைத்தன. 1901இல் அதே நாட்டைச் சேர்ந்த ஆண்டர்சன், மருந்தே இல்லாமல் வெறும் காற்றை மடியில் அடைத்தார். மாடுகள் எழுந்து நின்றன!

காற்று எப்படி மருந்தாயிற்று? மடிக்குள் அழுத்தம் உயர்ந்ததும் பால் சுரப்பது நின்றது. கால்சியம் இரத்தத்திலேயே தங்கியது. காரணம் தெரியாமலே பலன் கிடைத்தது. இரத்தத்தில் கால்சியம் குறைவதே நோயின் மூலம் என்பது 1925இல் பிரிட்டனில் நடந்த ஆய்வுகளால் தெளிவாயிற்று. காற்றடிப்பதால் மடிநோய் வரும் ஆபத்து இருந்தது. எனவே அம்முறை மறைந்து, கால்சியம் போரோகுளுக்கோனேட் கரைசலைச் சிரையில் ஏற்றும் முறை வந்தது.

புட்டியின் உயரம்

நம் நாட்டில் 450 மில்லி லிட்டர் புட்டியில் வரும் அக்கரைசலில் 8 கிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கும். இரத்தத்தில் இருக்கவேண்டியதே 2 கிராம் என்பதை மறவாதீர்கள். வேகமாக ஏற்றினால் இதயமே நின்றுவிடும். ஆகவே மருத்துவர் கரைசலை உடல் வெப்பத்துக்குச் சூடாக்கி, பத்துப் பதினைந்து நிமிடம் மெல்ல மெல்ல ஏற்றுவார். ஒரு பகுதியைத் தோலுக்கடியிலும் செலுத்துவதுண்டு.

இங்கே பாய்ம அழுத்தப் பாடம் உயிர் காக்கிறது. திரவத்தின் அழுத்தம் அதன் உயரத்தைப் பொறுத்தது. புட்டியைச் சிரைக்கு மேல் அரை மீட்டர் உயர்த்தினால் சுமார் 37 மில்லி மீட்டர் பாதரச அழுத்தம். ஒரு மீட்டர் உயர்த்தினால் அதுபோல் இரு மடங்கு. மருத்துவர் இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே, அது தடுமாறினால் புட்டியைத் தாழ்த்தச் சொல்வார், அல்லது நிறுத்தச் சொல்வார். புட்டியைப் பிடித்திருப்பவர் அவர் சொல்லும் உயரத்தில்தான் பிடிக்கவேண்டும். சீக்கிரம் முடியட்டும் என்று தூக்கிப் பிடிக்கக் கூடாது.

மருத்துவர் வரும்வரை

கட்டணமில்லா 1962 என்ற எண்ணில் கால்நடை மருத்துவ உதவி கேட்கலாம். அதற்கிடையே மாட்டைப் பக்கவாட்டில் சாய விடாதீர்கள், வயிறு உப்பிவிடும். வைக்கோல் மூட்டைகளை அண்டை கொடுத்து நெஞ்சின்மேல் அமர்ந்த நிலையில் வையுங்கள். வாயில் கஞ்சியோ மருந்தோ ஊற்றாதீர்கள். விழுங்கும் தசைகளும் தளர்ந்திருப்பதால் அது நுரையீரலுக்குள் போய்விடும். மடியை ஒட்டக் கறக்காதீர்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபக்கம் புரட்டி விடுங்கள். 400 கிலோ எடை ஒரே காலை அழுத்திக்கொண்டிருந்தால் அங்கே இரத்த ஓட்டம் தடைப்பட்டுத் தசை கெடும். பிறகு கால்சியம் ஏற்றியும் மாடு எழாது.

வராமல் தடுக்க முடியாதா? சினை மாட்டுக்குக் கால்சியம் டானிக்கை அள்ளிக் கொடுத்தால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். ஈனுவதற்கு முந்தைய இரண்டு மூன்று வாரங்களில் அது எதிர்விளைவையே தரும். தேவைக்கு மேல் கிடைத்தால் பாராதைராய்டு சோம்பிவிடும்; ஈன்ற அன்று திடீரென விழித்தெழ அதனால் முடியாது. அக்காலத்தில் அளவோடும், ஈன்றபின் தாராளமாகவும் கொடுப்பதே முறை. வைக்கோலே முக்கியத் தீனியாக இருக்கும் வீடுகள் இன்னொன்றையும் நினைவில் கொள்ளவேண்டும். வைக்கோலிலுள்ள ஆக்சலேட்டு கால்சியத்தோடு சேர்ந்து கரையாத உப்பாகிவிடுகிறது. பசுந்தீவனமும் தாது உப்புக் கலவையும் எவ்வளவு, எப்போது என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ சினைப்பசு இருந்தால், ஈன்ற முதல் மூன்று நாளும் காலையும் இரவும் அதன் காதைத் தொட்டுப் பாருங்கள். காது சில்லிட்டு, நடையும் தள்ளாடினால், அது படுத்துவிடும்வரை காத்திராமல் உடனே மருத்துவரை அழையுங்கள்.