எந்த வெள்ளி?

விக்கிப்பீடியாவில் 'வெள்ளி' என்று தேடுகிறீர்கள். உங்களுக்கு வேண்டியது எந்த வெள்ளி? கிழமையா, கொலுசு செய்யும் உலோகமா, விடியலில் மின்னும் கோளா? சிங்கப்பூரில் இருப்பவரென்றால் கடைக்காரரிடம் எண்ணிக் கொடுக்கும் வெள்ளியாகவும் இருக்கலாம்.

பேச்சில் இந்தக் குழப்பம் வருவதில்லை. இடம் பார்த்துப் புரிந்துகொள்வோம். கலைக்களஞ்சியத்திலோ ஒரு தலைப்புக்கு ஒரு கட்டுரைதான். அதனால் தலைப்புக்குப் பின்னால் அடைப்புக்குறி போட்டு, 'கோள்' என்பதுபோல ஒரு சொல்லைச் சேர்த்துவிடுகிறார்கள். திரைப்படம் என்றால் ஆண்டு. 1980இல் ரஜினி நடித்த பில்லாவும் 2007இல் அஜித் நடித்த பில்லாவும் அப்படித்தான் மோதாமல் இருக்கின்றன.

ஒரே பெயர் கொண்டவற்றையெல்லாம் வரிசையாகக் காட்டும் பக்கமும் உண்டு. தமிழ் விக்கிப்பீடியாவில் அதன் பெயர் 'பக்கவழி நெறிப்படுத்தல்'. பெயர் கொஞ்சம் முரடுதான். வேலை என்னவோ நாற்சந்தியில் நிற்கும் கைகாட்டி மரத்தின் வேலை.

எல்லாப் பெயருக்கும் இந்தப் பக்கம் முதலில் வராது. ஆங்கில விக்கிப்பீடியாவில் 'பாரிஸ்' என்று தேடினால் நேரே பிரான்சின் தலைநகருக்குத்தான் போவீர்கள். பெரும்பாலோர் தேடுவது அதைத்தானே! டெக்சஸ் மாநிலத்துப் பாரிஸ் நகரைத் தேடுபவருக்குக் கட்டுரையின் உச்சியில் சின்னதாக ஒரு குறிப்பு, மற்ற பாரிஸ்களுக்கு வழிகாட்டும். 'மெர்க்குரி' என்றாலோ கதை வேறு. புதன் கோள், பாதரசம், ரோமானியக் கடவுள் மூவரில் யாருக்கும் முதல் மரியாதை இல்லை. கைகாட்டிப் பக்கம்தான் திறக்கும்.